கஞ்சி போட்ட போர்வை

வில்லியனூருக்குப் போய் நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், கொடியில் என் போர்வை கதவுப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு தொங்குகிறது. தொட்டால் மொடமொடவென்றது. முகர்ந்து பார்த்தேன். சோற்றுக்கஞ்சி வாசனை.

“அத்தே! இத யாரு கஞ்சில முக்குனது?”

மாமியார் வள்ளிநாயகி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “நான்தான். வேற யாரு கீறாங்க இந்த வூட்ல?”

அவருக்குப் பருத்தி என்றால் கஞ்சி போட்டாக வேண்டும். வேட்டி, புடவை, தலையணை உறை என்று எதுவும் அவர் கையில் தப்பியதில்லை. ஆனால் இது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்து மெஷினில் தைத்த மெத்தைப் போர்வை. பஞ்சு கஞ்சியைக் குடித்தால் என்ன ஆகும் என்று கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா?

சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து அர்ச்சனா வருகிறாள். கடை வைத்திருப்பவள். போர்வையை நாற்காலி முதுகில் வீசிப் பார்ப்பாள். முந்தானை போலச் சரிந்து விழுந்தால் எடுத்துக்கொள்வாள், நிமிர்ந்து நின்றால் மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். போன முறை அழகாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைத்து, அட்டை என்று பெயர் வாங்கினேன். அதனால் இந்த முறை மெல்லிய நூல், மெல்லிய பஞ்சு, தையலுக்குத் தையல் நாலு விரல் இடைவெளி.

இதுவும் திரும்பினால் மெஷின் இருக்கும் முன்னறை என் கையை விட்டுப் போய்விடும். கொழுந்தன் கலைச்செல்வன் கரும்புக்கு வாங்கிய உர மூட்டைகளை வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டு, அந்த அறைக்காகத்தான் காத்திருக்கிறான். “இந்த ஒரு வாட்டிதான் அண்ணி” என்று சொல்லியும் விட்டான். என் வீட்டுக்காரர் சுரேஷ் யார் பேசினாலும் தலையாட்டுகிறவர். நானும் ஆத்திரத்தில், அறை போனால் மெஷினை விற்றுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போவேன், காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்திருந்தேன்.

“வேணும்னே செஞ்சீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். வாய் எங்கே கேட்கிறது?

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்து போர்வையைக் கொடியிலிருந்து இழுத்தார். ஒரு நுனியை என் கையில் திணித்தார். “வா, மோட்டார் கொட்டாவுக்கு.”

வரப்பில் இருவரும் முன்னும் பின்னுமாக ஓடினோம். பம்புசெட் தொட்டியில் போர்வையை அமுக்கியதும் தண்ணீர் வெளுத்து வழவழவென்று ஆனது. அமுக்கினோம், எடுத்தோம், திரும்ப அமுக்கினோம். கஞ்சி வந்துகொண்டே இருந்தது. பழக்கத்தில் மாமியார் ஒரு முனையை முறுக்கப் போனார்.

“முறுக்காதீங்க! தையலு தள்ளித் தள்ளி இருக்குது, பஞ்சு பிஞ்சிடும்!”

சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“கோயிலுக்கு உடுத்துற புடவைக்குப் போடுற மாரி, நல்லா வடிகட்டித்தான் போட்டேன். புதுசு மாரி இருந்தா அந்தப் பொண்ணு வாங்கிக்குவான்னு நெனச்சேன்.” குரல் தழைந்தது. “நீயும் பஸ் ஏறிப் பூட்டா இந்த வூட்ல ஒரு சத்தம் கெடையாது, கார்த்திகா. உன் மெஷினு ஓடுற சத்தம் கேட்டுகினுதான் நான் பொழுத ஓட்டுறேன்.”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடியும் போர்வையை அமுக்கினேன்.

பிழியாமல் நீரை வடியவிட்டு, களத்துச் சிமெண்டுத் தரையில் பழைய புடவையை விரித்து, அதன்மேல் போட்டோம். வெயில் வருவதும் மேகத்துக்குள் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியது. ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பினோம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறினோம். உதற உதறத் துணி இளகியது. எனக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஓரங்களைத் தடவிப் பார்க்கும்போதுதான் கார் சத்தம் கேட்டது.

அர்ச்சனா போர்வையை வாங்கி நாற்காலியில் வீசினாள். மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. போர்வை நாற்காலி முதுகில் வழுக்கி, மடிப்பு மடிப்பாக இறங்கியது. ஒரு மூலை மட்டும் இறங்கவில்லை. கஞ்சி தங்கிய இடம். நாய்க்காது போல அந்தரத்தில் நின்றது.

“தையல் இப்போ சரியா இருக்கு, கார்த்திகா. ஆனா ஈரமா இருக்கே. இந்த மூலையும் அட்டையா நிக்குது. கடையில வைக்க முடியாது. இதே மாதிரி வேற ஒண்ணு தச்சு வைங்க, வந்து பாக்கறேன்.”

எந்த அறையில் தைப்பது என்று அவளிடம் கேட்க முடியுமா? தலையை மட்டும் ஆட்டினேன்.

கார் தெரு முனை திரும்புவதற்குள் கலைச்செல்வன் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டான். “அண்ணி, மெஷின கொஞ்சம் ஓரங்கட்டுங்க.”

அவன் கேட்டதில் தப்பில்லை. பேச்சு அப்படி. நான் உள்ளே போக அடியெடுத்தேன். மாமியார் முன்னறை வாசலில் குறுக்கே வந்து நின்றார்.

“அத என் ரூம்ல போடுடா.”

“இன்னாமா சொல்ற? நீ எங்க படுப்ப?”

“இங்க. மெஷினு பக்கத்துல.”

“அந்த இடுக்குல எப்படிம்மா…”

“கெடுத்தது நானு. ரூமு போவணும்னா என்துதான் போவணும்.”

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கட்டிலைத் தனியாகவே இழுக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் கத்தினேன். “விடுங்க அத்தே, இடுப்பு புடிச்சிக்கும்!”

“அப்ப நீ தலமாட்டுப் பக்கம் புடி.”

பிடித்தேன். கலைச்செல்வன் மூட்டையைத் தோளில் சுமந்தபடி, நாங்கள் கட்டிலோடு வெளியே வரும்வரை சுவரோடு ஒண்டி வழிவிட்டு நின்றான்.