அனுமதிக்கு நன்றி

1

இந்தக் கதை ஒரு நன்றியில் தொடங்கியது. 2008 ஜனவரியில், பூண்டு நடவுப் பாட்டு ஒன்றை என் வலைப்பதிவில் போட்டேன். அடியில் ஒரு வரி: ‘பாடலை எழுதி, வெளியிட அனுமதித்த விஜயராணிக்கு நன்றி.’

அந்த வரிதான் இப்போது சாட்சியம்.

[பாட்டின் நான்கு அடிகள் இங்கே வர வேண்டும். வராது.]

2

பூம்பாறை பஸ் நாயுடுபுரத்தில் நின்றபோது மூடுபனி—

வேண்டாம். பனிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

விஜயராணி பூம்பாறையில் பூண்டு வயல்களில் கூலி வேலை செய்கிறார். (பெயரை மாற்றிப் பார்த்தேன். அங்கே பாட்டுக் கட்டுபவர் அவர் ஒருவர்தான். பயனில்லை.) பத்து ஆண்டுகளுக்கு முன் கேசட் போட வந்தவர்கள் அவரைப் பாடலாசிரியர் சங்கம் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். இனி அவர் பாட்டுக்கு உரிமம் தருவது சங்கம் மட்டுமே. ‘இனி வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும்’ என்றது படிவம். இணையத்தை அவர் அப்போது பார்த்ததில்லை. இப்போதும்தான்.

3

பாட்டு இணையத்தில் வந்தது எப்படி என்று விளக்கம் கேட்டு சங்கம் அவருக்கு அனுப்பிய கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உட்காரவில்லை.

“நான் கட்டுன பாட்டுதானே சார்?”

“ஆமாங்க.”

“அப்ப நான் குடுத்தா என்னவாம்?”

“அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்கம்மா. அவங்கதான் குடுக்கணும்.”

“இன்டர்நெட்டுக்குமா?”

“அதுக்கும்.”

“இவ்வளவு படிச்சிருக்கீங்க. எம் பேரப் போடாம திருடத் தெரியலையா ஒங்களுக்கு?”

சிரித்தார்.

“சிலோன்ல எங்கப்பாவுக்கும் இப்படித்தான் சீல் வச்ச கடுதாசி வந்துச்சு. அப்புறம் தோட்டத்துல எடமில்ல. கப்பல்தான். இப்ப எங்க சார் அனுப்புவாங்க?”

எங்கும் அனுப்ப மாட்டார்கள் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

4

பதிவை அழித்தேன். அதற்குள் வேறு மூன்று வலைப்பதிவுகளில் அது இருந்தது, நன்றி வரியோடு.

பதினைந்து நாளில் அவர் சங்கத்துக்கு விளக்கம் தர வேண்டும். இன்று பதினான்கு.

5

அவர் பெயரில் எழுத வேண்டிய விளக்கத்துக்கு இரண்டு முடிவுகள். முடிவு அ: ‘நான்தான் அனுமதித்தேன்.’ உண்மை. ஒப்பந்தத்தை மீறியவர் அவர்.

முடிவு ஆ: ‘என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்.’ வழக்கு என்மேல் வரும். நான் பள்ளி ஆசிரியன். எனக்கும் சீல் வைத்த கடிதங்கள் என்றால்—

கடிதம் கொண்டுவந்த அன்றே, வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் விஜயராணி. “மேல நீங்களே எழுதிக்குங்க சார். வெரசாப் போகணும், அஞ்சு மணி பஸ்சு.”

மறுபடியும் படிக்காத தாளில் கையெழுத்து.

6

ஆ-வை எழுதினால் இந்தக் கதையை எங்கும் வெளியிட முடியாது. அவர் அனுமதித்தார் என்று இதன் முதல் பத்தியே சொல்லிவிடும்.

தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

இதை எங்கே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.