புதுத் தாழ்ப்பாள்

உடை மாற்றும் அறையின் கதவில் தச்சர் தாழ்ப்பாளைப் பொருத்தி முடித்து, கீழே விழுந்து கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவள் தோளிலிருந்த பையை இறக்காமலே நின்று பார்த்தாள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையானால் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். மழைக்காலத்திலும் வெயிற்காலத்திலும் அவள் வாய் வலிக்கக் கேட்டுவந்த தாழ்ப்பாள் இது. கேட்டபோதெல்லாம் விளையாட்டுச் சங்கத்தார் ஆகட்டும் என்றார்களேயன்றி ஆணி ஒன்றுகூட அசையவில்லை. இன்று தாழ்ப்பாள் வந்துவிட்டது. குழுதான் இல்லை.

"போட்டுப் பாருங்கம்மா, வெண்ணெயா வழுக்கும்" என்றார் தச்சர்.

போட்டுப் பார்த்தாள், வழுக்கியது. பல் பிடுங்குமுன் மருத்துவர் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த ஈற்றை நாக்கால் தடவுவதுபோல் இருந்தது. தொடுவது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

அந்தக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. ஆகையால் தாழ்ப்பாள் இல்லாத காலத்தில் ஒருத்தி வெளியே நின்று முதுகைக் கதவில் சாய்த்துக்கொள்வாள். மற்றவர்கள் உள்ளே உடை மாற்றிக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் பயிற்சியாளரான அவளே. உயரத்தையும் கனத்தையும் உத்தேசித்து அப்பொறுப்பு கோல் காக்கும் நெட்டையின் தலையில் விழுந்தது. போகிற வருகிற பையன்கள், "என்ன காவல்காரம்மா, சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று சீண்டுவார்கள். "மூக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கணும்னா நடையைக் கட்டு" என்பாள் நெட்டை. உள்ளே சிரிப்பு வெடிக்கும். கதவைக் காத்துவிட்டோம் என்றே எல்லாரும் நம்பியிருந்தனர். பின்சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியை ஒருத்தியும் அண்ணாந்து பார்த்தாளில்லை. ஒரு மாலை அங்கே ஒரு கையும் அந்தக் கையில் ஒரு கைப்பேசியும் தெரிந்தன. கூச்சல் கேட்டு நெட்டை பின்புறம் ஓடிச் சேர்வதற்குள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்கற்கள் மட்டுமே அங்கே நின்றன. அன்று முதலில் அதைக் கண்டு கத்தியவள் குழுவிலேயே சின்னவள்; அவள் அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இடைவெளிக்குக் கம்பிவலை, பின்புறத்துக்கு ஒரு விளக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கேட்டாள். செயலாளர் அவளுடைய பெரியப்பா மகன். சிறுவயதில் அவளுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தந்தவன்.

"தங்கச்சி, பாதுகாப்பு இல்லேன்னு நீயே சொல்றே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கொஞ்ச நாளைக்குப் பொண்ணுங்க வரவேண்டாம்."

"எட்டிப் பாத்தவன் வரலாமாண்ணா?"

"அவன் யாருன்னே தெரியலையே. தெரியாத ஆளை எப்படிம்மா வராதேன்னு சொல்றது?"

வந்திருந்தவர்கள் நியாயந்தான் என்பதுபோல் தலையசைத்தார்கள். அவள் வாயிலிருந்து, "சரிண்ணா" என்று வந்தது. மிதிவண்டி நாளிலிருந்து அவனிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், எண்ணுமுன்னரே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் மரத்துப்போயிற்று. கடையில் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்தாள். வீட்டில் சோறு வடித்தாள். கை சுட்டபோதும் சற்றுத் தாமதித்தே இழுத்தாள்.

தச்சர் போனதும் செயலாளர் வந்தான். கதவை ஆட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

"பசங்க போட்டிக்கு நடுவர்களெல்லாம் வெளியூர்லேருந்து வர்றாங்க. உடை மாத்த ஒரு மரியாதையான எடம் வேணாமா? உங்க சாமானை எடுத்துட்டுச் சாவியைக் கொடுத்துடும்மா. நான் கோலுக்கு வலை கட்டறதைப் பாத்துட்டு வந்துடறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

அவன் நகர்ந்ததும் நெட்டை எங்கிருந்தோ முளைத்தாள். அவளுக்குப் பின்னே, மதிலோரத்தில், மற்றப் பெண்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர்.

"அக்கா, இன்னைக்குப் பயிற்சி உண்டா இல்லையா? உங்க கடைக்குக் கண்ணு பரிசோதிக்கப் போறேன்னு அம்மாகிட்ட புளுகிட்டு வந்திருக்கேன். இல்லேன்னு சொன்னீங்கன்னா, போற போக்குல ஒரு கண்ணாடியாவது மாட்டிவிடுங்க."

"ஜெர்சியெல்லாம் எடுக்கணும்" என்று மட்டும் சொல்லி அவள் உள்ளே போனாள். பழக்கமில்லாத கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அறையில் ஈரமண்ணும் வியர்வையும் கலந்த பழைய வாடை. பெஞ்சுப் பலகைமேல் பல் உடைந்த சீப்பு. பின்சுவரோரம், இடைவெளியின் மேல்விளிம்பை ஒட்டிக் கட்டிய துணி உலர்த்தும் கம்பியில் சின்னவளின் ஒற்றைக் காலுறை தொங்கிற்று. மூலையிலிருந்த சாக்குப் பையைத் திறந்து சிவப்புச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். நாலைந்தை மடித்தபின் கை நின்றுவிட்டது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. பலகையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். ஒரு சட்டையை உதறிக் கம்பியில் போட்டாள். அதன் தோளோடு தோள் ஒட்ட இன்னொன்றைப் போட்டாள். மடித்தவற்றையும் பிரித்துப் போட்டாள். காலுறையை மட்டும் எடுக்காமல் இரண்டு சட்டைகளுக்கு நடுவே விட்டுவைத்தாள். இடைவெளி முழுவதும் மறைந்தது. மாலை வெயில் துணிக்குள் புகுந்து அறையைச் சிவப்பாக்கிற்று. கீழே இறங்கி, தன் பையிலிருந்த விளையாட்டு உடையை எடுத்தாள்.

உடுத்தி முடித்து ஒரு காலில் காலணியை மாட்டியபோது வெளியே அண்ணனின் குரல் கேட்டது.

"சாவி எங்க? இன்னும் உள்ளயா இருக்கா?"

"உடை மாத்தறாங்க" என்றது நெட்டையின் குரல், கதவுக்கு வெகு அருகில்.

"சாமானை எடுக்கத்தானே போனா? நகரு."

"மாத்தறாங்கன்னு சொல்றேன்ல. பொறுங்க."

தாழ்ப்பாள்தான் இருக்கிறதே என்று சொல்ல அவள் வாயெடுத்தாள், சொல்லவில்லை. பழைய கதவின் நடுப்பலகை நெட்டையின் முதுகுக்கு இசைந்து உட்புறமாகச் சிறிதே வளைந்திருந்தது. மதிலோரத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வரும் காலடிகள் கேட்டன. பலகை இன்னும் கொஞ்சம் வளைந்தது. அவள் குனிந்து, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், மற்றக் காலணியின் நாடாவைத் தேடினாள்.