முகாம் நாளில் வந்த தண்ணீர்

மக்கள் தொடர்பு முகாம் தங்கள் ஊரில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் சங்கரேஸ்வரிக்கு முதலில் வந்த கவலை, வருகிறவர்கள் எங்கே கை கழுவுவார்கள் என்பதுதான்.

இளையரசனேந்தலுக்குத் தெற்கே நாற்பது வீட்டு ஊர் அது. தெருமுனையில் பஞ்சாயத்து வைத்த சின்டெக்ஸ் தொட்டி காய்ந்து இரண்டு கோடை ஆகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் சங்கரன்கோவிலிலிருந்து வரும் அரசாங்கத் தண்ணி லாரிதான் கதி. வீட்டுக்கு எட்டுக் குடம். அதில்தான் சங்கரேஸ்வரி சோறு பொங்க வேண்டும். வாதத்தில் விழுந்து கிடக்கும் புருஷன் மருதப்பனைத் துடைத்து, அவர் துணிகளையும் அலச வேண்டும். கிணறு மூன்று மைல். அவரைத் தனியே விட்டு அத்தனை நேரம் போக முடியாது.

ஊருக்கெல்லாம் மனு எழுதித் தந்தவள் பக்கத்து வீட்டு ஹெப்சி. பால்வாடியில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு ஒரு குடம் தொட்டியில் ஊற்றி வைப்போம் என்று சங்கரேஸ்வரி சொன்னபோது அவள் மட்டும் முறைத்தாள்.

“யக்கா, தண்ணி இல்லன்னு மனு குடுக்கப்போற ஊர்ல தொட்டிய நெறச்சு வைப்பாகளா?”

“வந்த மனுசங்க எச்சிக்கையோடயா திரும்பிப் போவாக? நமக்குல்லட்டி கேவலம்.”

பெண்கள் எல்லாரும் சங்கரேஸ்வரி பக்கம். நாற்பது குடமும் தொட்டிக்குள் போயிற்று.

முகாம் அமர்க்களமாக நடந்தது. பென்ஷன், காப்பீட்டு அட்டை, மழைநீர் சேகரிப்பு என்று மைக்கில் விளக்கினார்கள். கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். அதிகாரி எழுந்து நின்று சங்கரேஸ்வரியிடம் மனு வாங்கினார். பந்தி முடிந்து கை கழுவத் தொட்டிக் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. கூட வந்தவர் போனில் படம் எடுத்தார். துண்டை நீட்டியபடி நின்ற சங்கரேஸ்வரிக்கு மனசு நிறைந்திருந்தது.

அடுத்த செவ்வாய் லாரி வரவில்லை. டிரைவர் செல்லச்சாமிக்குப் போன் போட்டாள்.

“உங்க ஊரு லிஸ்ட்லயே இல்லக்கா. குழாயில தண்ணி வருதுன்னு எழுதியிருக்காம்.”

மறுநாள் மருதப்பனுக்குத் துணையாக ஹெப்சியை லீவு போட வைத்துவிட்டு, சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். ஆபீஸ் கிளார்க் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். கொட்டுகிற குழாய், அதிகாரியின் கை, பக்கத்தில் துண்டோடு சிரித்துக்கொண்டு அவள்.

நாற்பது குடத்துக் கதையை அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை.

“நீங்க சொல்லுதது நெசம்னுதாம்மா எனக்கும் தோணுது. ஆனா போட்டோ ஏறிட்டு. மறுபடி முகாமுக்கு ஆள் வந்து பாத்து, தண்ணி இல்லன்னு எழுதணும். உங்க பக்கம் முகாம் இனிமே அடுத்த வருசந்தான்.”

“இன்னைக்கே ஒரு எட்டு வந்து பாருங்களேன்யா. தொட்டி காஞ்சு கெடக்கு.”

எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்தாள். அதை அவர் ஒரு கட்டின் மேல் வைத்தார்; கட்டு முழங்கை உயரம் இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே மூத்திர வாடை அடித்தது. இருந்த கடைசி அரைக் குடத்தில் ஹெப்சி அவரைத் துடைத்து முடித்திருந்தாள். அலசாத துணிகள் மூலையில் கிடந்தன. மருதப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொண்டார்.

சங்கரேஸ்வரி இரண்டு குடங்களை எடுத்தாள். “கெணத்துக்குப் போயிட்டு வாரேன். அதுவரைக்கும் இருப்பியாட்டி?”

“இன்னைக்கு இருக்கேன்க்கா. நாளைக்கு நான் வேலைக்குப் போகணுமே.”

சங்கரேஸ்வரி குடங்களோடு வெயிலில் இறங்கினாள்.