அம்மாவின் கல்லூரிக்கு ஒரு கோல்

என் கணவர் சின்னராசா படித்த ஆதவன் கல்லூரிக்காக ஒஸ்லோவில் வருடக்கணக்காக ரோல்ஸ் பொரித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் படித்த பள்ளிக்கூடங்களின் பெயரில் அணி கட்டி, ஒவ்வொரு கோடையும் இங்கே பந்தடிப்பார்கள். பழைய மாணவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் விளையாடலாம். நான் படித்த கலைமதிக் கல்லூரிக்கும் அணி உண்டு. 2004 கோடையில் அது தொட்ட ஆட்டமெல்லாம் தோற்றது. நானோ இவருடைய பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றினேன். வயிறு எரியாதா?

எங்கள் மகன் கிருஷிகனும் அப்பாவின் அணிதான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க மாற்று ஆட்டக்காரர் வாங்கில் குந்தியிருந்தான். மனேஜர் இவர்தானே, சொந்த மகனை இறக்கினால் சனம் கதைக்குமாம்!

கடைசி ஆட்டம் ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் மைதானத்தில், இரண்டு கல்லூரிகளுக்கும் இடையில். அதற்கு முதல்நாள் கலைமதிக் கப்டன் செபஸ்ரியன் எனக்குப் போன் எடுத்தார்.

“அக்கா, ஒராள் குறையுது. எங்கட ஆக்களின்ர பெடியன் ஆரும் இருக்கிறானோ?”

“என்ர மகன் இருக்கிறான்.”

“அவன் ஆதவன் பிள்ளையெல்லோ?”

“ஏன், நான் கலைமதியிலை படிக்கேல்லையோ? பெத்தது ஆர்?”

அவர் உடனே கிருஷிகனின் பெயரை எழுதிக்கொண்டார். தாயும் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பது இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே, அதைச் சொல்லுங்கள்!

“நான் அம்மாவுக்கு விளையாடுறன்,” என்றான் கிருஷிகன், அன்றிரவு சாப்பாட்டில். இவர் சோற்றை அளைந்தபடி, “விளையாடட்டும்,” என்றார்.

ஆட்டத்தன்று நான் ரோல்ஸ் பொரிக்கவில்லை. கலைமதிப் பக்கம் போய் நின்றேன். ஒலிபெருக்கியில் ஞானரட்ணம் அண்ணை ஆட்டத்தை வர்ணித்தார். இளம் பெடியளைத் தகப்பன் பெயரோடு சொல்வதுதான் அவர் வழக்கம். கிருஷிகன் காலில் பந்து படும்போதெல்லாம், “சின்னராசாவின்ர மகன், சின்னராசாவின்ர மகன்!” என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை ஓடுவது என் கல்லூரிக்கு, பெயர் மட்டும் இவருக்கா? ஒருக்கால், ஒரேயொருக்கால் என் பெயரைச் சொன்னால் என்ன?

நாங்கள் இரண்டு கோல் பின்னால் நின்றோம். அப்போது கிருஷிகன் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்தான் பாருங்கள், வலை குலுங்கியது!

“கோல்! சின்னராசாவின்ர மகன்!”

இவர் தன் அணியை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி விறுவிறென்று நடந்தார். கோலை மறுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அட பாவி மனிசா, பெத்த பிள்ளையின் கோலையா? ஞானரட்ணம் அண்ணையின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

“கலைமதிக் கல்லூரிக்குக் கோல் அடிச்சது,” என்றார், “மங்களேஸ்வரியின்ர மகன் கிருஷிகன்.”

மிச்ச ஆட்டத்தை நான் எங்கே பார்த்தேன்? கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோமாம், பிறகுதான் சொன்னார்கள்.