ஹெஸ்டர், த/பெ

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூடுதல் அவமானம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கவிநிலா, காய்ந்த துணிகளை எடுக்க வந்த இடத்தில் வாய் தவறிச் சொன்னது இது. நான் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

1746ஆம் ஆண்டு, வர்ஜீனியாவில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எட்வர்ட் தார்ன்பரி தன் புகையிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி—

[மழை பெய்ததென்று எனக்கு யார் சொன்னது? அடி அண்ணாமலையில் பெய்த மழையே எனக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்.]

அடித்துவிட்டேன். தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

கலெக்டர் ஆபீஸ் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மொஹ்சினின் அலுவலகம். நான்கு கம்ப்யூட்டர், வேலை பார்ப்பவர்கள் கவிநிலா, முன்னி பேகம், மொஹ்சின். அமெரிக்காவில் பணம் கட்டி வம்சாவளி தேடுகிறவர்களின் பழைய காகிதங்கள் படமாக வரும். அதைப் படித்துக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். நிரப்பியதும் கம்ப்யூட்டரே குடும்ப மரம் வரைந்துவிடும்.

அப்படி வந்ததுதான் தார்ன்பரி குடும்பம். எட்வர்ட் செத்ததும் அவர் சொத்தை யாரோ பட்டியல் போட்டிருக்கிறார்கள். குதிரைகள், செப்புப் பாத்திரங்கள், இறகு மெத்தை ஒன்று. அதற்கு அடுத்த வரியிலிருந்து முப்பத்தியொரு மனிதர்கள். அடிமைகள். பெயரும் வயதும் மட்டும்: டைனா, ஸீஸர், நெட், ஹெஸ்டர்...

கட்டத்தில் ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

“பேரு மொட்டையா இருந்துச்சுக்கா,” என்றாள் கவிநிலா. “இனிஷியல் இல்லாம எப்டி விடறது? ஸ்கூல்ல அப்பா இல்லாத புள்ள வந்தா, கூட்டினு வந்தவரு பேரப் போட்டுக்குவாங்க இல்ல? அந்த மாதிரி ஊட்டுப் பெரியவர் பேரப் போட்டுட்டேன்.”

எட்வர்ட் தார்ன்பரிக்கு நான்கு பிள்ளைகள். ஒரே மதியத்தில் முப்பத்தைந்து ஆகிவிட்டது. அதில் ஸீஸர் என்கிற மகன் அப்பாவைவிட ஒன்பது வயது மூத்தவன்.

[சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. குதிரைக்கும் மெத்தைக்கும் அப்புறம் எழுதப்பட்டவர்களை இருநூற்றெண்பது வருஷம் கழித்துப் பிள்ளைகளாக்கியிருக்கிறாள், அதுவும் அவர்களை வைத்திருந்தவனுக்கே. இது மரியாதையா, இன்னொரு கொடுமையா? எனக்கு இன்னும் தெரியவில்லை.]

அந்த மரத்தைக் கேட்டவர் எழுபத்தெட்டு வயது அம்மாள், தார்ன்பரி வம்சம். சொந்தக்காரர்கள் கூடும் நாளில் சுவரில் மாட்டுவதற்காகக் கேட்டிருக்கிறார். ‘ஏதோ தவறு நடந்திருக்கிறது போலிருக்கிறது’ என்று மரியாதையாக ஒரே வரி எழுதினார்.

மொஹ்சின் நல்ல மனிதர். கத்தவில்லை. “வெள்ளிக்கெழம பௌர்ணமி, கிரிவலத்துக்கு ரோட்டையே அடைச்சிடுவாங்க. அதுக்குள்ள முப்பத்தியொரு பேரையும் எடுத்துடும்மா. இந்த ஆர்டர் போச்சுன்னா நீ, நானு, முன்னி பேகம் எல்லாருமே வேற வேல தேடணும்.”

3

கவிநிலா முப்பது பேரை எடுத்தாள். எடுக்கும் முன் ஒரு நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டாள். ஹெஸ்டரிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்தக் காகிதக் கட்டில் ஒரு கடிதமும் இருந்தது. எட்வர்டின் மனைவி, வெளியூர் போயிருந்த கணவனுக்கு எழுதியது. அதில் நான்கு வரி: ஹெஸ்டரை வயல் வேலைக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்குள் வைத்திருக்க என்னால் முடியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் திரும்பி வந்து இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தவறாகப் போட்ட முப்பத்தியொரு பெயர்களில் ஒன்று சரியாக விழுந்திருக்கிறது. அது தெரிந்தவள் உலகத்திலேயே கவிநிலா ஒருத்திதான். எல்லாக் காகிதத்தையும் தட்டச்சு செய்தவள் அவள்தானே.

“மத்த முப்பது பேர எடுத்தப்ப வருத்தமா இல்லியா?” என்று கேட்டேன்.

“ஜாஸ்திதான்க்கா. ஆனா அவங்க அந்தாளு புள்ளைங்க இல்லியே, பொய்யி. அவங்கள வெக்கறதுக்கு அந்த மரத்துல வேற கட்டமே இல்ல. இவள எடுத்தா அதுவும் பொய்யிதானே?”

4

இங்கேதான் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன்.

முதல் பிரதியில் கவிநிலாவுக்கு அப்பா கிடையாது. பெற்றுவிட்டு விலகிப்போனவர் தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், மகளை எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார் என்று எழுதினேன். ஹெஸ்டருக்காக அவள் ஏன் இத்தனை பாடுபடுகிறாள் என்று வாசகர்கள் கேட்பார்களே, அதற்கொரு காரணம் வேண்டாமா? கச்சிதமாக இருந்தது. இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு கவிநிலாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அதை வீட்டில் சத்தமாகப் படித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அப்பா திருமலை, டவுன் பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு என் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, நான் உசுரோட இருக்கறப்பவே என்ன எடுத்துட்டியே, நாயமா இது?”

அவர் குரலில் கோபம் கம்மி. வருத்தம்தான் இருந்தது.

பின்னாலேயே வந்த கவிநிலா கேட்டாள். “ஹெஸ்டர் மேல பாவம் பாக்கறதுக்கு எங்கப்பா ஓடிப்போயிருக்கணுமாக்கா? சும்மா பாக்கக் கூடாதா?”

என் கதையிலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்திருக்கிறது. காரணம் எழுதாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. கைக்குக் கிடைத்த பொய்யைப் போட்டு நிரப்பிவிட்டேன். திருமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். பாத்திரக் கடைக்காரரை எடுத்துவிட்டேன். அவரை மட்டும் எடுப்பதற்கு எந்த வருத்தமும் இல்லை.

5

முடிவுகள்.

(அ) கவிநிலா ஹெஸ்டரை மரத்திலேயே விட்டுவிட்டு, அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புகிறாள். அமெரிக்க அம்மாள் கண்ணீர் விட்டு, ‘மகளே, நன்றி’ என்று—

“அந்தம்மா அழுவாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்றாள் கவிநிலா. அடித்துவிட்டேன்.

(ஆ) ஹெஸ்டரை விட்டுவைத்ததால் ஆர்டர் கைவிட்டுப் போகிறது. முன்னி பேகம் கவிநிலாவோடு பேசுவதை நிறுத்துகிறாள். முன்னியின் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய ஒருத்திக்காக—

இது நடக்கக்கூடியதுதான். எழுத மனம் வரவில்லை.

(இ) கவிநிலா ஹெஸ்டரையும் எடுத்துவிடுகிறாள். சுவரில் மாட்டிய மரம் அழகாக இருக்கிறது.

இதை எழுதி முடித்த நிமிஷம், எட்வர்டின் மனைவி எழுதியது போலவே எழுதிவிட்டேனோ என்று பயமாகிவிட்டது.

6

வெள்ளிக்கிழமை போய்விட்டது. கிரிவலக் கூட்டமும் கலைந்துவிட்டது. கவிநிலா என்ன செய்தாள் என்று நான்கு முறை கேட்டுவிட்டேன்.

“சொல்ல மாட்டேன். சொன்னா எழுதிடுவீங்க, படிக்கறவங்களும் சரி முடிஞ்சுதுனு மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்களா இருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? அத எழுதுங்க.”

நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எட்வர்ட் பெயரைப் போட்டால், மகளைக் குதிரைகளோடு பட்டியலில் விட்டுப்போனவனுக்கு அவளைத் திருப்பிக் கொடுத்தது போலிருக்கிறது. போடாவிட்டால் அவன் தப்பித்துவிடுகிறான். நிரப்பினேன், அடித்தேன், மறுபடி நிரப்பினேன். மேஜையெல்லாம் கசங்கிய காகிதம்.

எனக்குத் துணிச்சல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பேனா உங்களிடம் இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இந்தப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் கிடையாது. நிரப்பாமலும் நீங்கள் எழுந்து போகலாம். அவள் இங்கேயே இருப்பாள்.

ஹெஸ்டர், த/பெ