ஹேமநாதன் செய்த டோனட்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வர வேண்டியதே இல்லை. ஒரு ஞாயிறு இதழின் ஆசிரியர் போன் செய்து, "வீட்டிலேயே டோனட் செய்வது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க சார்" என்றார். வழக்கமாகச் சமையல் பக்கம் எழுதும் அம்மையாருக்கு உடம்பு சரியில்லையாம். இத்தனை வருடம் கதை எழுதிய ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது. ஆனால் அதே ஆசிரியர் என் கடைசிக் கதையை வாங்கி வைத்துக்கொண்டு மூச்சே விடவில்லை. டோனட்டோடாவது என் பெயர் அச்சில் வரட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

இப்படித் தொடங்கினேன்:

வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டையும் ஒரு கரண்டி சீனியையும் கலந்து, நுரைத்து வரும்வரை

அவ்வளவுதான். நுரை வந்ததும் பக்கத்து வீட்டு ஹேமநாதனும் வந்துவிட்டான். அவனை வைத்துக்கொண்டு சமையல் குறிப்பு எழுத முடியாது.

2.

கதை என்று முடிவானதும் வேறு தொடக்கம் தேவைப்பட்டது.

கூலாயின் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் மாலைச் சூரியன் மெல்ல

இதை என் மனைவி கஸ்தூரி என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டாள். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்தப்ப வெயில் மண்டையப் பொளந்துச்சு. சூரியன் எங்க லா மறைஞ்சான்?" என்றாள். அடித்துவிட்டேன்.

ஹேமநாதனுக்கு வயது முப்பத்து நான்கு. இன்னும் கல்யாணம்

இதை நானே நிறுத்தினேன். எங்கள் கூலாய் தாமான் குடியிருப்பில் அவனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எழுத்தாளன் கொஞ்சமாவது வித்தியாசப்பட வேண்டாமா?

ஆகவே ரூபினியிடமிருந்து தொடங்குகிறேன். குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண். சொந்தக்காரர் ஒருவர் மூலமாக இரண்டு குடும்பமும் பேசி, பெண் பார்க்க நாள் குறிக்கும் நேரத்தில் அவளே ஹேமநாதனுக்குப் போன் செய்தாள். அவன் அதை என்னிடம் சொன்னபடியே தருகிறேன்.

"என்னைப் பாக்க நெறைய பேரு வந்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கேசரித் தட்டத் தூக்கிட்டு நான்தான் வருவேன். 'எல்லாம் என் பொண்ணு கையால செஞ்சது'ன்னு எங்கம்மா சொல்வாங்க. ஒரு தடவகூட நான் செஞ்சதில்ல. எனக்குக் கேசரி கிண்டவே தெரியாது. அந்தப் பொய்யத் தூக்கித் தூக்கி எனக்குக் கையே வலிக்குது. இந்தத் தடவ நான் உங்க வீட்டுக்கு வரேன். நீங்க செஞ்சு கொண்டு வாங்க."

"என்ன செய்யணும்?"

"சீனி போட்ட டோனட். எனக்குப் பிடிக்கும். நல்லா வரலன்னாலும் பரவால்ல. ஆனா நீங்க செஞ்சதா இருக்கணும். அவ்வளவுதான்."

(ஆசிரியருக்கு: இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். கதையின் கழுத்து இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

3.

இப்போது ஹேமநாதனைப் பற்றி எனக்குள்ள சந்தேகம். செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறான். குடிப்பதில்லை, அதிர்ந்து பேசுவதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மா வெள்ளையம்மாவை நன்றாக வைத்திருக்கிறான். இப்படி ஒருவனைக் கதையில் விட்டால் யார் நம்புவார்கள்? ஏதாவது கெட்ட பழக்கம் சேர்க்கலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"அவனுக்கு இருக்குற கெட்ட பழக்கம் போதாதா?" என்றாள்.

"என்னது?"

"அவங்க அம்மா என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டான்."

அது நல்ல குணம் அல்லவா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதையும் முடிக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். அந்தப் போனுக்குப் பிறகு அவன் நடையே மாறிவிட்டது. ஒரு பெண் தன்னிடம் நேராகப் பேசிவிட்டாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இவள் இல்லாவிட்டால் வேறு பெண் என்று அவன் நினைக்கவே இல்லை. அப்பா ஸ்தானத்தில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோதுகூட, "அங்கிள், ஒன்னும் பேச வேணாம், சும்மா உக்காந்தா போதும்" என்றான். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. இருந்தாலும் வேட்டியை இஸ்திரி போட்டு வைத்தேன்.

4.

ரூபினி வீட்டார் வருவதாக இருந்த அன்று காலை நடந்ததை நான் நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சமையலறையும் அவர்கள் வீட்டுடையதும் இடுப்பளவே உள்ள ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. இங்கே நின்றால் அங்கே தாளிப்பது தும்மலாக வரும்.

ஹேமநாதன் வீடியோ பார்த்துப் பார்த்து மாவு பிசைந்தான். பால், ஈஸ்ட், முட்டை, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. இயந்திரத்தைத் திறப்பவன் போல ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்து வைத்துச் செய்தான். மாவு கையில் ஒட்டாமல் மெத்தென்று வந்ததும், ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு முடி வெட்டப் போனான். இரண்டு பங்காக உப்பும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது. (சமையல் பக்கத்துக்காக இதழை வாங்கிய வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். இதற்குமேல் உங்களுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்காது.)

யாரும் தொடக்கூடாது என்று அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளையம்மா வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். மாவு பொங்கிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்க உளுந்து ஆட்டி வடை தட்டியவருக்கு, பொங்குகிற மாவு என்றால் புளிக்கிற மாவு. நம் ஜொகூர் வெயிலில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்று அவருக்கா தெரியாது? ஒரு குத்து குத்தி, பொங்கியதை அடக்கி, ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், ஐஸ்கட்டி வைக்கிற இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்துச் சுவருக்கு இந்தப் பக்கமாகச் சிரித்தார்.

"நல்ல வேளை தம்பி, நான் பாத்தேன். இல்லன்னா மாவு புளிச்சுப்போய் புள்ள மானம் போயிருக்கும்."

நானும் தலையாட்டினேன். எனக்கு ஈஸ்ட்டைப் பற்றி என்ன தெரியும்? நான் இலக்கியக்காரன்.

5.

முடி வெட்டிக்கொண்டு வந்த ஹேமநாதன் மாவைத் தேடியதை விவரிக்க ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த எனக்கே அதைத் திரும்பப் படிக்கப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

மாவு செங்கல்லாக இருந்தது. அதற்குள் ரூபினி வீட்டார் குளுவாங்கிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. உருகிய அளவுக்குப் பிய்த்து உருட்டினான். வட்டம் வெட்ட அச்சு இல்லை. "இதுக்கு எதுக்குடா அச்சு?" என்று வெள்ளையம்மா கையை நனைத்துக்கொண்டு தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். எண்ணெயும் வடைக்குக் காய்வது போலவே காய்ந்தது. டோனட்டுக்கு மிதமான சூடு வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். வீடியோ சொன்னதை அம்மா கேட்கவில்லை.

குவாலிச் சட்டி எண்ணெயில் விழுந்ததும் எல்லாம் கருத்தன. ஓட்டைகள் மூடிக்கொண்டன. ஒன்றைப் பிட்டுப் பார்த்தான், உள்ளே பச்சை மாவு. அவசரத்தில் எண்ணெய் தெறித்து வலது கையில் இரண்டு விரல் கொப்புளித்துவிட்டது.

"அலமாக்!" என்று சுவருக்கு இந்தப் பக்கம் கஸ்தூரி தலையில் கை வைத்தாள். அடுத்த நிமிடம் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டவுனில் ஒரு பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி டோனட்டோடு திரும்பினாள். எல்லாம் ஒரே அளவு, இடுப்பில் வெளிர்க்கோடு போட்ட தங்க நிறம். கண்ணாடியில் பார்த்து வளர்ந்தவை மாதிரி இருந்தன.

6.

அவர்கள் வந்தார்கள். ரூபினி, அவள் அப்பா, அம்மா. கூடத்தில் நான் பெரியவராக உட்கார்ந்து ரயில், மழை, டோல் கட்டணம் என்று பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் என் காது சமையலறையில்தான் இருந்தது.

"நான் செஞ்சதையே கொண்டு போறேம்மா. நல்லா வரலன்னாலும் பரவால்லன்னு சொல்லிருக்காங்க."

"அந்தப் பொண்ணு சொல்லும்யா. அவங்கப்பன் அம்மா சொல்லுவாங்களா? அப்பா இல்லாத வீடு, ஒழுங்கா ஒரு பலகாரம்கூட வைக்கத் துப்பில்லன்னு போயிடுவாங்க. மாவ ஐஸ்பெட்டில வெச்சது நான். என்னால உன் கல்யாணம் கெட்டுச்சுன்னு நான் எப்படிடா தாங்குவேன்? அம்மா கேக்கறேன்ல, இதக் கொண்டு போ சாமி."

தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் எந்தத் தட்டோடு வருவான்?

இங்கே நிறுத்தி இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கருகிய தட்டோடு வருகிறான். ரூபினி ஒன்றைக் கடித்து, கண் கலங்கி, சிரித்து, "எனக்கு இதான் வேணும்" என்கிறாள். கஸ்தூரி இதைப் படித்துவிட்டு, "பல்லு உடைஞ்சிருக்கும்" என்றாள்.

இரண்டு: கடைத் தட்டோடு வருகிறான். யாருக்கும் தெரியவில்லை. கல்யாணம் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், "அன்னிக்குச் செஞ்சீங்களே, அது மாதிரி செஞ்சு குடுங்க" என்று அவள் கேட்க, அவன் பின்வாசல் வழியாகப் பேக்கரிக்கு ஓடியே கிழவனாகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. சிரிப்பு வருகிறது, ஓரமாகக் கொஞ்சம் சோகமும் இருக்கிறது. பரிசுகூடக் கிடைக்கலாம்.

ஆனால் நடந்தது வேறு.

7.

அவன் கடைத் தட்டோடுதான் வந்தான்.

ரூபினி ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

"எல்லாம் என் மகன் கையால செஞ்சதும்மா" என்றார் வெள்ளையம்மா. "காலையிலருந்து அடுப்படியிலயேதான் கெடந்தான்."

இரண்டாவது வாக்கியம் உண்மை. பொய்க்குப் பக்கத்தில் ஓர் உண்மையை உட்கார வைத்தால்தான் நிற்கும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பாதி வாழ்க்கை போயிற்று. அந்த அம்மாவுக்கு அது தானாக வந்தது. பயத்தில் வந்தது என்று அவர் குரலே சொன்னது.

ரூபினி மெல்லுவதை நிறுத்தினாள். அந்த முதல் வாக்கியம் அவளுக்குப் பழக்கமானது. அதைக் கேட்கும்போதெல்லாம் தட்டு அவள் கையில் இருந்திருக்கிறது, இன்று ஹேமநாதன் கையில். அவள் அவனையே பார்த்தாள்.

"நீங்கதான் செஞ்சீங்களா?"

ஹேமநாதன் வாயைத் திறந்தான். ஆம் என்றால், எந்தப் பொய்யிலிருந்து தப்பிக்க அவள் குளுவாங்கிலிருந்து வந்தாளோ அதையே அவளுக்குப் பரிமாறுகிறான். இல்லை என்றால், பெற்ற தாயைச் சம்பந்தி வீட்டார் முன்னால் பொய்க்காரி ஆக்குகிறான். அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். கொப்புளம் போட்ட விரல்கள் தட்டுக்கு அடியில் மறைந்திருந்தன. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்க பெரியவங்க, பக்கத்து வீடு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. இது இவரு செஞ்சதா?"

யாரும் கேட்காமலே பக்கம் பக்கமாகப் பொய் எழுதிப் பேர் வாங்கியவன் நான். என்னிடம் ஒருத்தர் ஒரே ஒரு உண்மையைக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். சமையலறை வாசலில் கஸ்தூரி நிற்பது தெரிந்தது. நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம் என்றுதான் அவளும் சொல்கிறாள்.

எழுதினால், கெட்டிக்கார மனுஷன் என்றோ, நல்ல மனுஷன் என்றோ எனக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த பக்கத்து ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். அப்படி உங்களை விட எனக்கு மனம் வரவில்லை. மாவு பொங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். அந்த அம்மா கெஞ்சியதை நீங்களும் கேட்டீர்கள். அந்தப் பெண் போனில் என்ன கேட்டாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் எழுந்து என் நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன், உட்காருங்கள்.

கையில் கடித்த டோனட்டோடு ரூபினி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளையம்மாவும் உங்களைத்தான் பார்க்கிறார்.

"சொல்லுங்க அங்கிள். இவருதான் செஞ்சாரா?"