ஹாங்காங்கில் கஞ்சி

கீழ்வேளூர் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த நெய்னா முகம்மதுவுக்கு அந்த ஒரு சொல்தான் பிடிபட்டது. டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நின்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். ஹாங்காங் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி இங்கிலீஷில் விடாமல் பேசினாள். நடுவில் "கான்ஜி" என்றாள்.

"கஞ்சியா?" என்று கேட்டார்.

"யெஸ், கான்ஜி," என்றாள். மறுபடி என்னென்னவோ சொன்னாள்.

மகன் சித்தீக் அங்கே கைக்கடிகாரக் கடையொன்றில் வேலை பார்த்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று அவனோடு தங்கியிருந்த பக்கீர் முகம்மதுதான் தகவல் சொல்லி, வார்டின் போன் நம்பரையும் கொடுத்திருந்தான். அதோடு பக்கீரை அவன் முதலாளி சரக்கெடுக்கச் சீனாவுக்குள் அனுப்பிவிட்டார். அப்புறம் ஆள் அகப்படவில்லை.

நெய்னா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "கஞ்சி குடிக்கிறானாம்மா. நர்ஸே சொல்லிட்டா. தமிழ்ப் பொண்ணாத்தான் இருக்கணும்," என்றார் மருமகளிடம். தகவல் வந்ததிலிருந்து பச்சைத்தண்ணீரோடு கிடந்த சுமையா அன்றைக்குத்தான் சோற்றில் கை வைத்தாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நெய்னா பள்ளிவாசலில் ஓர் அண்டா கஞ்சி காய்ச்சி வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். வாங்கிக் குடித்தவர்கள் சித்தீக்குக்காகத் துஆ செய்தார்கள்.

மறுநாள் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் ரெமிஜியஸ் அரிசி வாங்க வந்தார். படியில் அளந்துகொண்டே நெய்னா தமிழ் நர்ஸின் கதையைச் சொன்னார். வாத்தியார் சிரித்தார்.

"அது இங்கிலீஷ் வார்த்தை பாய். ஆனா நம்ம கஞ்சிதான். பரங்கிக்காரன், அதான் போர்ச்சுக்கீசுக்காரன், இந்தக் கரையிலேருந்து கொண்டுபோனான், அவன்கிட்டேருந்து வெள்ளைக்காரன் வாங்கிக்கிட்டான். சீனாக்காரங்களும் அவங்க அரிசிக்கஞ்சிய இங்கிலீஷ்ல சொல்லணும்னா அப்படித்தான் சொல்வாங்க. அந்தப் பொண்ணு தமிழா இருக்கணும்னு இல்ல."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "கஞ்சிக்கு முன்னால, பின்னால என்ன சொன்னா பாய்?"

நெய்னாவின் கை படியோடு நின்றது. அரிசி சாக்கின் மேல் வழிந்தது.

கடையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் பூத்துக்குப் போனார்கள். ரெமிஜியஸ் பேசினார். பேசப் பேச அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"கஞ்சிகூட இறங்கலையாம் பாய். ஊட்டுனது நெஞ்சுக்குள்ள போயி, சளி கட்டி, காய்ச்சல் கண்டுருக்கு. அன்னைக்கும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. சொந்தக்காரங்க யாராச்சும் உடனே வாங்கன்னு கேட்டிருக்காங்க."

யார் போவது? நெய்னாவிடம் பாஸ்போர்ட் இல்லை. சுமையாவிடமும் இல்லை. வாயால் ஒரு வார்த்தை சொன்னால் தஞ்சாவூரிலிருந்து அரிசி லாரி வந்து நிற்கும் அளவுக்குப் பழக்கம் உள்ளவர் நெய்னா. அந்தப் பழக்கமெல்லாம் இப்போது எதற்கு ஆகும் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில், நொய்யை நன்றாகக் குழைய வேகவிட்டு, துணியில் வடிகட்டி, தெளிவை மட்டும் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று வாத்தியாரிடம் கெஞ்சினார். ரெமிஜியஸ் அதையும் கேட்டார். இப்போது மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள், வாய் வழியாக எதுவும் கிடையாது என்று பதில் வந்தது.

நெய்னா ரிசீவரை வாங்கினார்.

"கான்ஜி," என்றார். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "கான்ஜி, கான்ஜி."

அந்தப் பக்கத்திலிருந்து "ஸாரி" என்றாள் நர்ஸ். அது அவருக்குப் புரிந்தது.

திருச்சிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அது கைக்கு வருமுன் பக்கீர் முகம்மது பூத்துக்குப் போன் செய்து அவரைக் கூப்பிடச் சொன்னான். சித்தீக் மவுத்தாகிவிட்டான். உடலை அனுப்பத் தாமதமாகும் என்பதால் அங்கேயே அடக்கிவிட்டார்களாம். ஜனாஸாத் தொழுகையில் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள் என்று சொல்லிவிட்டு அவன் அழுதான். நெய்னா "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெண்களின் அழுகை ஒருவாறு ஓய்ந்தபிறகு, சுமையா தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"அடக்குறதுக்கு முன்னால அவங்கள யாரு குளிப்பாட்டுனாங்க மாமா?"

பக்கீரிடம் அதைக் கேட்க நெய்னாவுக்குத் தோன்றவேயில்லை.

"தெரியலம்மா," என்றார்.